மழையில்லாத ஈரம்

மழை பெய்து மாதங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் அவன் வீட்டுப் பின்புறத்து மண் தினமும் விடியற்காலையில் நனைந்தது. நனைவதை ஒரு சென்சார் அளந்தது. ஏன் நனைகிறது என்று அலுவலகத்தில் ஒரு பெண் மண்டையை உடைத்துக்கொண்டாள். காரணம் தெரிந்தவன் அவளுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் வேலை, மண்ணின் ஈரத்தை வானத்திலிருந்து அளப்பது. எல்லா நிலமும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய கதிரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். காய்ந்த மண் அதிகம் விடும், ஈர மண் குறைவாக விடும். செயற்கைக்கோள் விடியற்காலையில் தலைக்கு மேல் போகும்போது அதைப் பிடித்துக்கொண்டு போகும். அதை வைத்து எந்த ஊர் காய்கிறது என்று வரைபடம் போடுவார்கள். பதினைந்து வருட வரைபடங்களை அடுக்கிப் பார்த்தால், இந்தப் பகுதி நிலம் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்துகொண்டே வருவது தெரியும். திரையில் அது கீழ்நோக்கிச் சரியும் ஒரு கோடு. அந்த ஒரு கோட்டுக்காகத்தான் அத்தனை பேருக்கும் சம்பளம்.

செயற்கைக்கோள் சொல்வது சரியா என்று பார்க்க, தரையில் ஆங்காங்கே கம்பி போன்ற சென்சார்களைப் புதைத்திருந்தார்கள். களிமண் பகுதியில் இருந்தது ஒன்றே ஒன்று. அது அவன் வாடகை வீட்டின் பின்புறத்தில் இருந்தது. மின்சாரம் உண்டு, திருட்டுப் பயம் இல்லை என்று கல்யாணமான புதிதில் அவனே கேட்டு வாங்கி வைத்தது. சுற்றிலும் நான்கு முளை அடித்துக் கயிறு கட்டியிருந்தான். கயிற்றுக்குள் மழையைத் தவிர வேறு தண்ணீர் விழக்கூடாது.

அவன் மனைவி கயிற்றை ஒட்டி ஒரு எலுமிச்சைக் கன்று நட்டாள்.

“அங்க ஏன் நட்டே?”

“உங்க கம்பிக்குத் துணையா இருக்கட்டும்னுதான்.”

“தண்ணி ஊத்தக்கூடாது.”

“ஒரு குவளை?”

“அரைக் குவளைகூடக் கூடாது.”

“செடிக்கு ஒரு வாய் தண்ணி தராத மனுஷனைக் கட்டிக்கிட்டு வந்திருக்கேன்” என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அலுவலகத்தில் அது ஒரு நகைச்சுவையாகவே ஆகிவிட்டது. கன்று வளராமல் சாகாமல் குச்சியாக நின்றது. பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். ஒரு வாரத்தில் ரத்தத்தில் பரவிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பவில்லை.

மகளைப் பார்க்க வந்த மாமனார் திரும்பிப் போகவில்லை. மனைவியை முன்பே இழந்தவர். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் வண்டி எடுத்த பழக்கம் உடம்பில் ஊறிப்போய், கோழிக்கு முன்னால் எழுந்துவிடுவார். எழுந்ததும் ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுபோய் எலுமிச்சைக் கன்றின் மேல் ஊற்றுவார். தண்ணீர் கயிற்றைத் தாண்டிச் சதுரம் முழுக்கப் பரவும். கொஞ்ச நேரத்தில் செயற்கைக்கோள் மேலே போகும்.

முதல் நாள் சமையலறை ஜன்னலிலிருந்து அவன் அதைப் பார்த்தான். நாக்கு நுனிவரை வந்தது. மகளுக்கு மறுத்ததைத் தகப்பனுக்கும் மறுக்க வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஜன்னலைச் சாத்தினான்.

அந்த நாளை வராமலே கோடை வந்துவிட்டது.

அலுவலகத்துப் பெண் வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. கெட்டிக்காரி. அவள்தான் கண்டுபிடித்தாள்.

“அண்ணா, உங்க வீட்டு சென்சார்ல தினமும் விடியறப்ப ஒரு மேடு வருது பாருங்க. மழையும் இல்ல. இது என்னவா இருக்கும்?”

அவன் திரையைப் பார்த்தான். மாமனாரின் வாளிகள் வரிசையாக நின்றன.

“பனியா இருக்கலாம்” என்றான்.

வாய் தவறி வந்த சொல் இல்லை. யோசித்துச் சொன்னதும் இல்லை. அந்த நிமிடம் தப்பினால் போதும் என்று கையில் கிடைத்ததைத் தூக்கிப் போட்டான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். களிமண் விடியற்காலைப் பனியை உறிஞ்சுகிறது. அதைச் செயற்கைக்கோள் பார்க்கத் தவறுகிறது. ஆகவே களிமண் பகுதி முழுவதையும் அது உண்மையைவிடக் காய்ந்ததாகக் காட்டுகிறது. மண் காயக் காய இந்தப் பிழையும் கூடிக்கொண்டே போகிறது. இதைச் சரி செய்ய ஒரு கணக்கும் போட்டாள். ராவும் பகலுமாக அதே வேலையாக இருந்தாள். அலுவலகத்தில் அவளுக்குப் பனி ராணி என்று பெயர் விழுந்தது.

நான்கைந்து தடவை அவன் தடுத்துப் பார்த்தான். “ஒரே ஒரு சென்சாரை வச்சு முடிவு பண்ணலாமா?” என்பான். “அதை நீங்க பார்த்துக்கறீங்களே அண்ணா, அதைவிட வேற என்ன வேணும்?” என்பாள். அவனுக்கு முகத்தில் ஈயாடாது.

கூட்டத்தில் இயக்குநர் அம்மா கேட்க வேண்டியதைக் கேட்டார். “அங்க யாரும் தண்ணி கிண்ணி ஊத்தலையே?”

எல்லோரும் சிரித்தார்கள். “யாரு, இவர் வீட்டுலயா? பொண்டாட்டிக்கே ஒரு குவளை…” என்று ஆரம்பித்த கணக்காளர், பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். இயக்குநர் அம்மா அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினார். கேள்வி அங்கேயே செத்தது. மனைவியின் சாவு அவனைக் காப்பாற்றியது.

அறிக்கை நீர்வாரியத்துக்குப் போவதற்கு முந்தின நாள் மதியம் அந்தப் பெண் அவனைக் கூப்பிட்டாள்.

“அண்ணா, முடிஞ்சுது. பாருங்க.”

திரையில் இரண்டு வரைபடங்கள். இடது பக்கம் செயற்கைக்கோள் சொன்னது: களிமண் பகுதி முழுக்கப் பழுப்பு. வலது பக்கம் அவள் திருத்தியது: வெளிர்மஞ்சள், சில இடங்களில் பச்சைகூட.

“பழுப்பா இருந்தா அந்த ஊருங்களுக்கு லாரித் தண்ணி போகும் இல்ல?” என்று அவன் கேட்டான். தெரிந்ததுதான். தன் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

“ஆமாம். இப்ப இந்த ஊருங்களுக்கு வேணாம். அங்க மிச்சமாகிறதை வேற பக்கம் அனுப்புவாங்க. அது மட்டுமில்ல, இங்க பாருங்க.” அடுத்த பக்கத்தைத் திறந்தாள். பதினைந்து வருடமாகச் சரிந்துகொண்டிருந்த கோடு கிட்டத்தட்ட நேராகிவிட்டிருந்தது. “நாம நினைச்ச அளவுக்குக் காயலண்ணா. நல்ல சேதிதானே?”

ஒரு கிழவர் ஒரு வாளி தண்ணீரைக் கொண்டு ஒரு வட்டாரத்தின் வறட்சியைத் துடைத்துவிட்டிருந்தார். அதற்கு விஞ்ஞானியான அவனே சாட்சி.

“இன்னொண்ணு” என்று அவள் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். தயங்கினாள். “உங்க பேரை என் பேரோட போட்டிருக்கேன். நன்றிப் பக்கத்துல அக்கா பேரைப் போட்டிருக்கேன். அவங்க வீட்டு மண்ணாச்சே. தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?”

செத்தவளின் பெயர் பொய்க்கு அடியில், அழகான எழுத்தில் இருந்தது.

அவன் எழுந்து கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றான். அழுகை வரும் என்று எதிர்பார்த்தான். அது மனைவி இறந்த நாளிலும் வரவில்லை, இன்றும் வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது மாமனார் சட்டைக்குப் பித்தான் தைக்க உட்கார்ந்திருந்தார். ஊசியில் நூல் கோக்க முடியாமல் விளக்கைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“மாமா, ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்க மாப்பிள்ளை. முதல்ல இதைக் கோத்துக் கொடுங்க.”

கோத்துக் கொடுத்தான். “நாளையிலேருந்து அந்தச் செடிக்குத் தண்ணி ஊத்தாதீங்க.”

மாமனார் நிமிர்ந்து பார்த்தார்.

“இத்தனை நாள் கழிச்சா?”

“அங்க சென்சார் இருக்கு மாமா. தண்ணி பட்டா கணக்கு தப்பாயிடும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது…”

“தெரியும்.”

அவனுக்குப் புரியவில்லை.

“அவ போன்ல சொல்லியிருக்கா. ‘அப்பா, உங்க மாப்பிள்ளை கயிறு கட்டி வச்சிருக்கார், ஒரு சொட்டு விழுந்தாலும் மிஷின் கெட்டுப்போயிடுமாம்’னு. சிரிச்சுக்கிட்டுதான் சொன்னா. கெட்டுப்போகட்டும்னுதான் ஊத்தினேன்.”

“மாமா…”

“நீ ஒரு நாளாவது சத்தம் போடுவேன்னு பார்த்தேன்.” இத்தனை வருடத்தில் அவர் அவனை நீ என்றது அதுதான் முதல் தடவை. “போட்டா நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். என் பொண்ணு கேட்ட ஒரு குவளை தண்ணியை ஏண்டா தரலைன்னு கேட்டிருப்பேன். நீ ஜன்னலைச் சாத்திட்டுப் போயிட்டே. தினமும் சாத்தறே. கல்லோட எப்படிச் சண்டை போடறது?”

ஊசி தரையில் விழுந்திருந்தது. இருவரும் அதைத் தேடவில்லை.

“அப்புறம் அது தளிர் விட ஆரம்பிச்சுது” என்றார் மாமனார், குரல் இறங்கி. “அதுக்கப்புறம் கோபத்துல ஊத்தினேனா வேற எதுல ஊத்தினேனான்னு எனக்கே தெரியல. என்ன ஆச்சு? மிஷின் கெட்டுப்போச்சா?”

“மிஷினுக்கு ஒண்ணும் ஆகல. அது சரியாத்தான் அளந்துது. நான்தான் பொய் சொன்னேன்.”

பனி என்று சொன்னதிலிருந்து ஆரம்பித்து, லாரித் தண்ணீர்வரை எல்லாவற்றையும் சொன்னான். அந்த ஊர்களில் சிலவற்றுக்கு மாமனார் ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர். கேட்டு முடித்ததும் உடம்பு குறுகி உட்கார்ந்திருந்தார்.

“அங்க கோடையில பாதி வண்டி குடமாத்தான் ஏறும் மாப்பிள்ளை” என்றார். பிறகு, “நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பறீங்க? நானும் வர்றேன்.”

“நீங்க எதுக்கு?”

“ஊத்தினவன் நான்.”

காலையில் அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையை வழித்துச் சீவி, அவனுக்கு முன்னால் வாசலில் நின்றார்.

அறிக்கையை அனுப்ப இயக்குநர் அம்மா காத்திருந்தார். அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் முன்னால் மாமனாரோடு நின்று அவன் சுருக்கமாகச் சொன்னான். “பனி இல்ல. தண்ணி. எங்க மாமா வாளியில ஊத்தினது. எனக்கு ஆரம்பத்துலேருந்தே தெரியும்.” அதற்கு மேல் சேர்க்க ஒன்றும் இல்லை. மனைவி இறந்ததைக் காரணமாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்திருந்தான். சொல்லவில்லை.

இயக்குநர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “நான் கேட்டேனே.”

“கேட்டீங்க.”

“எல்லாரும் சிரிச்சோம்.”

“ஆமாம்.”

அந்தப் பெண் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அவளுடைய உழைப்பு அத்தனையும் அந்தக் கோப்பில் இருந்தது. அடுத்த வருடம் வேலை நீட்டிப்பதும் அதை நம்பித்தான் இருந்தது.

“நான் ஒவ்வொண்ணா உங்ககிட்ட காட்டினேனே அண்ணா” என்றாள். “ஒரு தடவைகூடத் தோணலையா?”

“தினமும் தோணிச்சு.”

“அது இன்னும் மோசம்.”

அவள் மாமனார் பக்கம் திரும்பினாள். நோட்டை எடுத்தாள். “ஐயா, எத்தனை வாளி? எந்த நேரம்? விட்டுப்போன நாள் உண்டா?”

“ஒரு வாளிதாம்மா. முதல் வண்டி நேரம். இருமல் வந்தப்ப கொஞ்ச நாள் ஊத்தல.”

“எப்ப?”

அவர் சொல்லச் சொல்ல அவள் திரையில் தேடினாள். அந்த நாட்களில் மேடு இல்லை. அவள் ‘அங்கே பனி விழவில்லை’ என்று குறிப்பு எழுதி வைத்திருந்தாள். அதைப் படித்துவிட்டு முதல் முறையாக முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். மாமனார் என்ன செய்வதென்று தெரியாமல், மேஜை மேல் இருந்த தண்ணீர்ப் புட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு அதையும் தப்பாக நினைத்துவிடுவாளோ என்று கையை இழுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அவள் நிமிர்ந்தாள். பனி அத்தியாயத்தை முழுவதுமாக எடுத்தாள். திருத்தக் கணக்கை எடுத்தாள். வெளிர்மஞ்சள் போய்ப் பழுப்பு திரும்பியது. நேரான கோடு மறுபடி சரிந்தது. கடைசிப் பக்கத்துக்கு வந்தாள்.

“என் மனைவி பேரையும்…” என்று அவன் ஆரம்பித்தான்.

“அக்கா என்ன பண்ணினாங்க? அவங்க ஊத்தவே இல்லையே” என்றாள் அவள், திரும்பாமல். “அவங்க பேர் இருக்கட்டும். உங்க பேரை எடுத்துட்டேன்.”

இயக்குநர் அம்மா மறுக்கவில்லை. அறிக்கை போனது. பழுப்பான ஊர்களின் பெயர்கள் லாரிப் பட்டியலில் திரும்ப ஏறின.

மாமனார் திரைக்குப் பக்கத்தில் குனிந்து நின்றார். “இதுல நம்ம வீடு எது?”

அவள் விரலால் ஒரு சின்னச் சதுரத்தைக் காட்டினாள்.

“நல்லா காஞ்சு கிடக்கே” என்றார் அவர்.

“ஆமாம் ஐயா” என்றாள் அவள். “அதைத்தான் செயற்கைக்கோள் முதல்லேருந்தே சொல்லிக்கிட்டு இருந்துது.”

அவனுக்கும் அந்தச் சதுரத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்க அவனுக்கு இப்போது உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. கதவருகிலேயே நின்றான்.