வெறும் தண்ணீரில் எங்கள் மகள்

என் மனைவியை மேடைக்கு அழைக்கிறவர்கள் தவறாமல் "எலும்போடு பேசும் அம்மா" என்பார்கள். வீட்டில் மனுஷனோடு பேச நேரமில்லாதவள் எலும்போடு பேசி என்ன புண்ணியம் என்று நான் சீண்டுவேன். மக்கிப்போன எலும்பிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்துப் படிக்க முதலில் வழி கண்டவள் அவள்தான். போரிலும் வெள்ளத்திலும் தொலைந்த எத்தனையோ பேர் அவளால்தான் தங்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

எங்கள் மகள் சிட்டு மட்டும் திரும்பவில்லை. கல்லூரிக்குப் போனவள், போனவள்தான். அவளிடம் சாவி கிடையாது என்பதால் வாசல் கதவுக்கு நாங்கள் தாழ்ப்பாளே போட்டதில்லை.

போன வருடம் பாலத்துக்காகத் தோண்டிய இடத்தில் ஒரு எலும்புத் துண்டு கிடைத்தது. இளம்பெண்ணுடையது என்றார்கள். சொந்த ரத்தத்தைச் சொந்தக் கையால் சோதிக்கக்கூடாது என்று ஆய்வகத்தில் சட்டம் போட்டவளே என் மனைவிதான். அவளே அதை மீறினாள். சிட்டுதான் என்று வந்து சொன்னாள். வாய்விட்டு அழுதோம், எரித்தோம். அன்றைக்குத் தாழ்ப்பாளை நான்தான் போட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நிம்மதியாகத் தூங்கினேன்.

நேற்று என் மனைவியின் பெயரை ஆய்வகக் கட்டடத்துக்கு வைத்தார்கள். சாயங்காலம் வந்தவள் கேடயத்தை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"விழாக் கண்காட்சிக்காக என் பழைய டியூப் எல்லாத்தையும் திரும்ப ஓட்டிப் பாத்திருக்காங்க. வெறும் தண்ணி டியூப்லயும் சிட்டு வந்திருக்கா."

எனக்குப் புரியவில்லை. அவள் பொறுமையாகச் சொன்னாள். ஒவ்வொரு சோதனையோடும் எலும்பே சேர்க்காத தண்ணீர் டியூப் ஒன்று ஓடும். அதில் ஒன்றும் வரக்கூடாது. வந்தால் சோதித்தவர் கை பட்டிருக்கிறது என்று அர்த்தம். பழைய எலும்பில் மிஞ்சுவது, டி.என்.ஏ.வில் தாய் பிள்ளைக்கு அப்படியே கொடுக்கிற பகுதி. அதில் அவளும் சிட்டுவும் ஒன்றுதான். அப்பனுக்கு அதில் பங்கே இல்லையாம்.

"க்ளவுஸ கழட்டினியா?"

"தொட்டுப் பாக்கணும்போல இருந்துச்சு. அதே கையால எல்லா டியூப்பையும் மூடியிருக்கேன். எலும்புல அவ வந்ததும் அழுதுட்டேன். தண்ணி டியூப்ப படிக்கவே இல்ல."

"அப்ப அது சிட்டு இல்லயா?"

"தெரியல. நான் படிச்சது என்னையாவும் இருக்கலாம்."

"இன்னொரு தடவ பாரேன்."

"எத வச்சு? எரிச்சுட்டோமே." புடவை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு எல்லாருக்கும் சொல்லப்போறேன். அந்தப் பொண்ண வேற யாராவது தேடிட்டிருப்பாங்க."

"பேரு கெட்டுப்போயிடும்."

"போகட்டும்."

எனக்கு அவள்மேல் பற்றிக்கொண்டு வந்தது. அது சிட்டுவாகவே இருந்து தொலையக்கூடாதா என்றும் நினைத்தேன். பெற்ற அப்பன் நினைக்கிற நினைப்பா இது? என்னைக் கண்டே எனக்குப் பயமாக இருந்தது.

அவள் எழுந்து கை கழுவப் போனாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. செத்த மகள் மறுபடியும் காணாமல் போயிருந்தாள். நான் வாசலுக்குப் போய்த் தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன்.