லிட்டில் பேர்க் வீதிக் கசாயம்

இருமலுக்கு நேரகாலம் கிடையாதுதான். ஆனாலும் விக்னராஜாவுக்கு வந்த இருமல் வேண்டுமென்றே நாள் பார்த்து வந்தது. எழுபத்தொன்பதாம் ஆண்டு மெல்பேண் குளிர். சாவகச்சேரியில் டாக்டராக இருந்த மனிதர், இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு திரிந்தார். வெளிநாட்டு டாக்டர்மாருக்கு வைக்கும் சோதனையில் எழுத்துப் பகுதி பாஸ். நோயாளியைத் தொட்டுப் பார்த்து நோயைச் சொல்லும் பகுதிதான் பாக்கி. அது வருகிற வியாழக்கிழமை. தாண்டினால் மறுபடியும் டாக்டர், தாண்டாவிட்டால் தள்ளுகட்டில்.

மனைவி யோகராணிக்கு அவரைவிட அவசரம். காலுறைத் தொழிற்சாலையில் "என் கணவர் டாக்டர்" என்று அவள் ஒருநாள் சொன்னபோது, கூட வேலை செய்கிறவர்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்கு உள்ளே கிடந்து எரிந்தது.

அவர் போட்ட குளிசை ஒன்றும் வேலை செய்யவில்லை. திங்கட்கிழமை குரலும் கட்டிவிட்டது. ட்ராமுக்கு நடக்கிற வழியில், லிட்டில் பேர்க் வீதியில், ஒரு சீன மருந்துக்கடை இருந்தது. அடுத்த நாள் யோகராணி உள்ளே போய்விட்டாள். கடைக்காரக் கிழவர் வியர்க்கிறதா, குளிர்கிறதா, உடம்பு உளைகிறதா என்று துருவித் துருவிக் கேட்டார். வியர்வை இல்லை, குளிர் நடுக்கம் உண்டு, நெஞ்சு அடைப்பு என்றாள். அவர் சின்ன லாச்சிகளை இழுத்து இழுத்து ஏதோ தண்டு, கறுவாச் சுள்ளி, ஒரு பருப்பு, அதிமதுரம் என்று நிறுத்து, மூன்று பொட்டலங்களாக மடித்தார். கறுவாவையும் அதிமதுரத்தையும் கண்டதும் அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம்தான். குடித்து வியர்த்தால் உடனே நிறுத்திவிடு. மிச்சத்தை எறி" என்றார் கிழவர்.

எறிவதாம்! காசு கொடுத்து வாங்கிய மருந்தை எறிகிற யாழ்ப்பாணத்தாளை எங்கே பார்த்தார் அவர்?

சீன மருந்து என்று தெரிந்தால் விக்னராஜா தொடமாட்டார். "சருகு அவிச்சுக் குடிக்கிறதுக்கோ நான் மெடிக்கல் கொலிஜிலை கிடந்து படிச்சனான்?" என்பார். ஆனால் நம்முடைய மருந்துக் குடிநீர் என்றால் பேச்சில்லை. மல்லியும் வேர்க்கொம்பு என்கிற சுக்கும் திப்பிலியும் போட்டு அவித்த கசாயத்துக்கு மட்டும் அவருடைய விஞ்ஞானம் கண்ணை மூடிக்கொள்ளும். சருகு எந்த ஊர்ச் சருகு என்பதில்தான் அவருக்கு வழக்கு.

ஆகவே புதன்கிழமை பின்னேரம் யோகராணி மூன்று பொட்டலங்களையும் ஒரே சட்டியில் கொட்டி, மணத்துக்கு ஒரு பிடி மல்லியும் வேர்க்கொம்பும் போட்டாள். குடிநீர் என்றால் எட்டொன்றாய் வற்றவேண்டும். எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காகும்வரை அடுப்பை விட்டு அசையக்கூடாது. அவளுடைய கைக்கு வேறு விதம் தெரியாது. கிழவர் சொன்னது காற்றோடு போயிற்று.

"இந்தாங்கோப்பா, குடிநீர்."

"நல்ல கைப்பு" என்று மெச்சிக் குடித்தார் அவர். நன்றாக வியர்த்தது. இருமல் நின்றது. குரல் திரும்பியது. நல்லதுக்கு இன்னும் நல்லதாக இருக்கட்டும் என்று, அடியில் தடித்துக் கிடந்ததை வியாழக்கிழமை காலையில் சூடாக்கிக் கொடுத்து, சோதனைக்கு அனுப்பினாள்.

சாயந்தரம் திரும்பி வந்தவர் கோட்டைக் கூடக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்தார்.

"கை நடுங்கிப்போச்சு, ராணி. அந்த மனிசன்ரை நெஞ்சிலை குழாயை வைச்சால் என்ரை இதயம் அடிக்கிறதுதான் எனக்குக் கேட்டுது."

"சோதிச்சவங்கள் ஏதும் வெருட்டினவங்களோ?"

"சீச்சீ. தண்ணி தந்து, ஆறுதலாய்ச் செய்யுங்கோ எண்டவை. அவையிலை பிழையில்லை. நான்தான் பயந்து செத்துப்போனன்."

ஃபெயில். வெள்ளைக்காரனைத் திட்டவாவது வழி இருந்திருந்தால் அவருக்கு ஆறியிருக்கும். பாவம், அதுவும் இல்லை. புத்தகங்கள் கட்டிலுக்குக் கீழே போயின. அடுத்த முறையும் எடுங்கோ என்று அவள் வாயைத் திறந்தால், "நடுங்கிற கையை வைச்சுக்கொண்டோ?" என்று எழும்பிப் போய்விடுவார்.

செப்டம்பரில் அவளுக்குத் தடிமன் வந்து மூக்கடைத்தது. மறுபடியும் அதே கடை. கணவருக்குச் சுகமா என்று கிழவர் கேட்டார். அவள் பெருமையாக, மூன்றையும் ஒன்றாக வற்றவைத்த கதையைச் சொன்னாள். கிழவரின் முகம் மாறிவிட்டது.

"மூன்று நாள் மருந்தை ஒரேயடியாகவா? அந்தத் தண்டு நெஞ்சைப் பிடித்து உலுக்குமே! கைகால் நடுங்குமே!"

ட்ராமில் அவள் அழுதுகொண்டே வந்தாள். பாவி, நான்தான் அவரை விழுத்தினேன் என்று அழுதாள். ஆனால் அந்த அழுகைக்குள்ளே ஒரு சந்தோஷமும் இருந்தது. அவர் பயந்தவர் இல்லை! இது தெரிந்தால் நாளைக்கே புத்தகத்தை எடுப்பார். அடித்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினாள்.

சொன்னாள். அவர் ஏசவில்லை.

"அந்தத் தண்டு எப்பிடி இருந்தது?"

"ஈர்க்குமாதிரி. இடைக்கிடை கணு இருந்தது."

"எபெட்ரின்!" அவர் துள்ளி எழுந்தார். "அந்தத் தண்டுக்குள்ளை இருக்கிறது அதுதான்! மூச்சிழுப்புக்கு நானே எழுதிக் குடுத்த மருந்தப்பா! அதுதான் நெஞ்சு அப்பிடி அடிச்சது!" அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்த முதல் சிரிப்பு அது. அவளுக்கு உயிர் திரும்பி வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நண்பர் சிவபாலன் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. பத்துப் பதினைந்து பேர் சுற்றி இருக்க, விக்னராஜா எழுந்து நின்று கதையைச் சொன்னார். சட்டியை நடித்தார், வற்றியதை நடித்தார், கை நடுங்கியதை நடித்தார். "என்ரை மனிசி கலக்கித் தந்த விஷம்!" என்று அவர் யோகராணியைக் காட்ட, எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும், அவள் தாங்குவாள். சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவளும் சேர்ந்து சிரித்தாள்.

"அப்ப டொக்டர், அடுத்த சோதனை எப்ப?" என்று சிவபாலன் கேட்டார்.

யோகராணி நிமிர்ந்து கணவருடைய வாயைப் பார்த்தாள்.

"இனி என்னத்துக்கு?" விக்னராஜா கதிரையில் சாய்ந்து, கோழிக்கறியைத் தன் பக்கம் இழுத்தார். "நான் ஃபெயிலான காரணந்தான் தெரிஞ்சிட்டுதே."