சாய்வெயிலில் ஒரு சுவர்

நாற்பத்திரண்டு நாளில் ஏழு படம் எடுத்தேன். ஏழும் ஒரே சுவர்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மேடு. மேட்டை வெட்டித்தான் வீடு கட்டியிருக்கிறார்கள். வெட்டிய மண் சரியாமல் இருக்க ஒரு தடுப்புச் சுவர், இரண்டு ஆள் உயரம். சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே துணி காயப்போடும் அளவுக்கு இடம். அந்தப் பக்கம் பார்த்த பின்னறையில்தான் அக்காவும் அத்தானும் படுக்கிறார்கள். ஜன்னலுக்குக் கீழே அவர்கள் மகள். இரண்டு வயது. தூக்கத்தில் உருண்டு உருண்டு, படுத்த இடத்தில் எழுந்ததே கிடையாது என்பதால் உருளை என்று கூப்பிடுகிறோம்.

மழை விட்ட வாரம் துணி எடுக்கப் போனபோது சுவரில் விரிசலைப் பார்த்தேன். தரையிலிருந்து உச்சி வரை கோணல்மாணலாக ஏறியிருந்தது. நகம் நுழைந்தது. சில நாள் கழித்துப் பென்சில் நுழைந்தது.

அக்காவிடம் சொன்னேன். அக்கா அப்பாவிடம் கேட்டாள். அப்பா தையல்காரர். எங்கள் முன்னறைதான் அவருடைய கடை. மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல், வெயிலுக்கும் மழைக்கும் சிமெண்ட் அப்படித்தான் விடும், ஒன்றும் ஆகாது என்றார். அக்காவுக்கு அது போதும். நான் இரண்டாம் முறை ஆரம்பித்தபோது பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"அப்பா ஒரு வார்த்தை சொல்லட்டும், அன்னைக்கே ரூமைக் காலி பண்றோம். நீ சொல்றதுக்கெல்லாம் முடியாதுடி. நீ குடிக்கிற தண்ணியிலயே பூச்சி பாக்கறவ."

அது உண்மைதான். குடிநீர் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். பூச்சி பார்ப்பதற்குத்தான் சம்பளம்.

நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். எனக்குப் புது ஆட்களிடம் பேச வராது. வழியெல்லாம் வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போய், மேஜைக்கு முன்னால் நின்றதும் பாதியை விழுங்கிவிட்டேன். என்ஜினியர் மீதியைத் தானே புரிந்துகொண்டார். விரிசல் இல்லாத சுவரே கிடையாது என்றார். நின்றுபோன விரிசலா, வளர்கிற விரிசலா என்பதுதான் கேள்வி. வளர்கிறதென்றால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டுச் சுவரை இடித்துக் கட்ட வேண்டும். அதற்கு அவர் மேலிடத்துக்கு எழுத வேண்டும். எழுத ஆதாரம் வேண்டும். திங்கள்தோறும் ஒரு படம் கொண்டுவரச் சொன்னார்.

அத்தானிடம் ஒரு கேமரா இருந்தது. பறவைகளை எடுக்கப் போவதாக ஆசையாக வாங்கி, மூன்று காக்கையோடு நிறுத்திக்கொண்டவர். கேட்டதும் அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். "மூணு காக்கா நடிச்ச கேமரா. மரியாதையா பிடி" என்றார்.

வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். எங்கள் பின்னறைக்கும் குளியலறைக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. மாலை வெயில் அது வழியாக வந்து சுவரில் நேராக விழும். ஞாயிறு மாலை அந்தச் சந்தில், வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று எடுத்தேன். திருப்தியாக இருந்தது. மறுநாள் நகராட்சி அலுவலகத்துக் கணினியில் பெரிதாகத் திறந்தபோது, விரிசல் இருக்க வேண்டிய இடத்தில் நான் இருந்தேன். தலை, தோள், தூக்கிய இரண்டு முழங்கை. என் நிழல் பாதிச் சுவரை மூடியிருந்தது. பியூன் எட்டிப் பார்த்து, பொண்ணு நல்லா விழுந்திருக்கு என்றார். அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில் என் பெயர் நிழல்.

அடுத்த ஞாயிறு நிழல் விழாமல் பக்கவாட்டில் ஒதுங்கி, நன்றாகக் கிட்டப் போய் எடுத்தேன். விரிசல் பெரிதாகத் தெரிந்தது. வளர்ந்துவிட்டது என்று பயமும் சந்தோஷமுமாக எடுத்துக்கொண்டு ஓடினேன். என்ஜினியர் விரிசலைப் பார்க்கவில்லை. அதற்குப் பக்கத்தில் இருந்த பாசித் திட்டைக் காட்டினார். அதுவும் அதே அளவு பெருத்திருந்தது.

"கிட்டப் போய் எடுத்தா என் மூக்கு கூடத்தான் வளர்ந்திருக்கும்" என்றார்.

பியூன் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குக் காது வரை சுட்டது. சிரித்ததற்காக இல்லை. பரிசோதனைக்கூடத்தில் ஒரு குழாயின் தண்ணீரை இன்னொரு குழாயின் தண்ணீரோடு ஒப்பிட்டு நான் ஒரு முடிவும் எழுத மாட்டேன். கேமரா கைக்கு வந்ததும் படித்ததெல்லாம் காற்றோடு போய்விட்டது.

மூன்றாவது வாரம் முறையாக ஆரம்பித்தேன். தரையில் பெயிண்டால் நான்கு புள்ளி வைத்து, அதன்மேல் ஸ்டூலின் கால்கள் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். ஸ்டூல் மேல் கேமரா. ஜூம் வளையம் அசையாமல் டேப் ஒட்டினேன். கை நடுங்காமல் இருக்க டைமரைப் போட்டுவிட்டு ஓரமாகப் போய் நின்றேன். உருளையும் வந்து என்னோடு நின்றாள். கேமரா சொடுக்கியதும் கைதட்டினாள். அந்த வாரம் எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். மேட்டுக்கு மேலே ஒரு துண்டு வானம் படத்தில் விழுந்திருந்தது. கேமரா வானத்தின் வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொண்டு, சுவரைக் கரியாக்கிவிட்டது.

நான்காவது வாரம் கேமராவைக் கொஞ்சம் தாழ்த்தி வானத்தை வெட்டினேன். அளவு தெரிய வேண்டுமே என்று அப்பாவிடம் பழைய அளவு நாடா ஒன்று கேட்டேன். எல்லாம் உபயோகத்தில் இருக்கிறது என்றார். ஆணியில் மூன்று தொங்கின. எனக்கு எதிர்த்துக் கேட்டுப் பழக்கமில்லை. கடையில் இரண்டு பிளாஸ்டிக் ஸ்கேல் வாங்கி, ஒன்றை இடுப்பு உயரத்தில் விரிசலுக்குக் குறுக்கே, ஒரு முனையில் மட்டும் பசை தடவி ஒட்டினேன். இன்னொன்றை, அத்தான் ஏணியைப் பிடித்துக்கொள்ள, மேலே உச்சிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். கீழே விழுந்தால் அதையும் படம் எடுத்துக் கொடுப்பதாக அத்தான் சொன்னார்.

படத்தைப் பார்த்ததும் என்ஜினியர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "இதுதாம்மா படம்" என்றார். கீழ் ஸ்கேலில் விரிசல் ஆறு கோடு. ஆறு மில்லிமீட்டர். இதே மாதிரி தொடர்ந்து கொண்டுவா, ஒரு கோடு கூடினாலும் எழுதுகிறேன் என்றார். பேருந்தில் வரும்போது எனக்கு நானே சிரித்துக்கொண்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

ஐந்தாவது வாரம் நான்கு கோடு.

ஆறாவது வாரம் இரண்டு.

"சுவர் தானா ஆறிக்கிட்டு வருதே" என்றார் என்ஜினியர். கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கும் நிம்மதிதான். இன்னும் ஒரு வாரம் பார்த்துவிட்டு விஷயத்தை மூடிவிடலாம் என்றார். அன்று சாப்பிடும்போது அப்பா முதல் முறையாகப் படத்தைப் பற்றி விசாரித்தார். சொன்னேன். நல்லது என்றார். அக்கா என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள்.

நான் நம்பவில்லை. சுவர் ஆறாது. மேட்டில் மண் ஈரமாகத்தான் இருந்தது. சுவரின் அடியில் தண்ணீர் கசிந்துகொண்டுதான் இருந்தது. அப்படியானால் தப்பு என் படத்தில். மறுபடி ஏதோ செய்துவிட்டேன் என்று நினைத்தேன். ஸ்டூலின் கால்களைப் புள்ளிகளோடு ஒத்துப் பார்த்தேன். சரி. ஜூம் டேப் அசையவில்லை. பாசித் திட்டு மூன்று படத்திலும் ஒரே அளவு. ஸ்கேலின் நீளம் ஒரே அளவு. நிழல் இல்லை, நடுக்கம் இல்லை, வானம் இல்லை. என் தவறுகளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தேன். ஒன்றுதான் மிச்சம். முதல் நாளிலிருந்து நான் மாற்றாதது அது மட்டுமே. வெளிச்சம்.

வேலையில் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. கண்ணாடி மாதிரி இருக்கும் ஒரு உயிரி, வெளிச்சத்தை நேராக விட்டால் கண்ணுக்கே படாது. வெளிச்சத்தைக் கொஞ்சம் சாய்த்தால் விளிம்பு எழுந்து வரும். இதை நான் தினமும் கையால் செய்கிறேன். சுவருக்கு மட்டும் ஆறு வாரமாக நேர் வெயிலைக் காட்டிக்கொண்டிருந்தேன். நேர் வெயிலில் மேடும் பள்ளமும் ஒன்றுதான்.

ஏழாவது ஞாயிறு காலையிலேயே பின்பக்கம் போனேன். காலை வெயில் சந்து வழியாக வராது. சுவரின் ஒரு முனையிலிருந்து சுவரை உரசிக்கொண்டே வரும். அதற்காகக் காத்திருந்தேன். வெயில் பாசித் திட்டைத் தொட்டது, அப்புறம் ஸ்கேலை. டைமரை அழுத்தினேன்.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். அது நான் பார்த்துப் பழகிய சுவர் இல்லை. சுவர் முழுக்கச் சொரசொரப்பு எழுந்து நின்றது. விரிசல் இருந்த வழியில் மட்டும் விரல் அகலத்துக்கு ஒரு வழவழப்பான பட்டை. தரையிலிருந்து ஏறி, ஒரு ஆள் கையைத் தூக்கினால் எட்டுகிற உயரத்தில் நின்றுவிட்டது. யாரோ சிமெண்டைக் குழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விரிசலில் அடைத்துக் கட்டைவிரலால் அழுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு அழுத்தலும் ஒரு சின்னக் குழி. குழிக்கும் குழிக்கும் ஒரே இடைவெளி. ஓரம் மடித்துக் கையால் தைத்த மாதிரி.

வீட்டில் யாருக்கு அப்படிக் கை வரும் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பகலில் நாங்கள் மூன்று பேரும் வேலைக்குப் போய்விடுகிறோம். அப்பாதான் உருளையோடு வீட்டில் இருக்கிறார்.

பட்டைக்கு மேலே விரிசல் திறந்தே இருந்தது. ஃபோகஸை எப்போதும் கீழ் ஸ்கேலில் வைத்து, கீழ் ஸ்கேலை மட்டுமே படித்துக்கொண்டிருந்தேன். என்ஜினியரும் அப்படித்தான். படத்தின் ஓரத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பழைய படங்களை எடுத்து மேல் ஸ்கேலைப் படித்தேன். நான்காவது வாரம் ஏழு. அடுத்து ஒன்பது. அடுத்து பன்னிரண்டு. இன்று பதினேழு.

ஆதாரம் கையில் இருந்தது. திங்கள் காலை கொண்டுபோய் மேஜையில் வைத்தால் போதும். ஆனால் திங்களுக்கு இன்னும் ஒரு இரவு இருந்தது. மேட்டுக்குப் பின்னால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அக்கா என் பேச்சைக் கேட்க மாட்டாள். படத்தைக் காட்டினாலும் அப்பாவிடம் போய்க் கேட்பாள்.

முன்னறைக்குப் போனேன். அப்பா ஒரு சட்டைக்குக் கழுத்துப்பட்டி வைத்துக்கொண்டிருந்தார். கேமராவை மிஷின் பலகையில், அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தேன். மிஷின் நின்றது. அவர் படத்தைப் பார்த்தார்.

"எப்ப எடுத்த?"

"இன்னைக்குக் காலைல."

"சாயங்காலந்தானே எடுப்ப."

"இத்தனை நாள் தப்பா எடுத்துட்டிருந்தேன்ப்பா."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைத் துணியில் துடைத்தார். அப்புறம் என்னைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினார். காலி செய்யச் சொன்னால் சும்மா சொல்ல மாட்டார்கள், வாசலில் எழுதி ஒட்டுவார்கள் என்றார். இந்த மிஷினைத் தூக்கிக்கொண்டு எந்தத் தெருவில் போய் உட்காருவது, அளவு கொடுத்த ஆட்கள் எங்கே வந்து தேடுவார்கள் என்றார். சுவர் கொஞ்ச நாளில் நின்றுவிடும் என்று நினைத்ததாகவும் சொன்னார். கடைசியில் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவருக்கே கேட்டிருக்காது.

அவர் கேட்டதெல்லாம் நியாயமான கேள்விகள். நான் படத்தை விரலால் கீழே இழுத்து, மேல் ஸ்கேல் வரும்படி வைத்தேன்.

"இங்க பாருங்க. உங்க கை எட்டாத இடம்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். கோடுகளை அவருக்கு எண்ணிக் காட்ட வேண்டியதில்லை. வாழ்நாள் முழுக்க அளவு எடுத்தவர். நான்காவது வாரத்துப் படத்தையும் காட்டினேன். அதையும் படித்தார். அவர் உதடு அசைந்தது. கழிக்கிறார் என்று தெரிந்தது.

"நாளைக்கு ஆபீஸ்ல கொண்டுபோய்க் காட்டப் போறேன்" என்றேன். இந்த முறை முழு வாக்கியமும் வெளியே வந்துவிட்டது. "அக்காகிட்ட நான் சொன்னா கேக்க மாட்டா. நீங்கதான் சொல்லணும். இப்பவே சொல்லணும்."

கூரையில் முதல் தூறல் விழுந்தது. பின்னறையில் அக்கா உருளையைத் தூங்கவைக்கத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. அப்பா கழுத்துப்பட்டியை மிஷினிலிருந்து எடுத்து, நூலை அறுத்து, மடித்து வைத்தார். எழுந்தார். நடையில் ஒரு முறை நின்றார். திரும்பி வந்துவிடுவார் என்று நினைத்து வழியை மறைத்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பவில்லை.

பின்னறை வாசலில் போய் நின்று, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அக்கா, சத்தம் போடாதீங்கப்பா, இப்பத்தான் கண்ணை மூடறா என்றாள்.

"பெரியவளே, குழந்தையத் தூக்கிட்டு முன்னால வா" என்றார் அப்பா. "அந்தச் சுவர் நகருது. மழை விட்ட நாள்லேருந்தே எனக்குத் தெரியும்."