அரவை ஷெட்டில் புகை

எண்ணூர் அரவை ஷெட்டில், தொட்டி மூடியின் இடுக்கில் புகை கசிந்தது. உள்ளே இருந்தது நிலக்கரி. எண்ணெயில் குழைத்து டீசலாக்குவதற்காகக் காயவைத்து, முகப்பவுடர் மாதிரி அரைத்து வைத்திருந்தார்கள். புகைந்தால் மூடியைத் தொடாமல் வெளியே ஓடிவிட வேண்டும். தண்ணீரைப் பீய்ச்சினால் தூள் கிளம்பி ஷெட்டே வெடிக்கும். எல்லோருக்கும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஜெகதீசன் மண்டையில் ஏறினால்தானே? துறைமுகத்துக் கரிக்குவியலில் வருஷக்கணக்காகக் கிடந்தவன் அவன். அங்கே புகையைக் கண்டால் தண்ணீர் பைப்பைத்தான் தேடுவார்கள். மூடியைப் பெயர்த்துத் தள்ளிவிட்டுப் பைப்பை எடுத்தான்.

"மாமு, பைப்ப உடு! வெடிச்சிரும்!" என்று கூட வேலை செய்யும் மொஹ்சின் அலறினான்.

மெஷின் இரைச்சலில் யார் காதிலும் விழவில்லை. மொஹ்சின் பாய்ந்து, கையிலிருந்த மண்வெட்டியால் ஜெகதீசனின் முழங்கையில் போட்டான். எலும்பு முறிந்தது. பைப்பு விழுந்தது.

ஜெகதீசனோடு துறைமுகத்திலிருந்து வந்த ஆட்கள் மொஹ்சினைக் குப்புறத் தள்ளி மேலே ஏறி உட்கார்ந்தார்கள்.

"நெருப்ப அணைக்கிறவன அடிக்கிறியா? இன்னா திமிருடா உனுக்கு!"

முகத்தைத் தரையில் மோதினார்கள். தொட்டியை மூடு, மூடு என்று மொஹ்சின் சொல்லப் பார்த்தான். வாயிலிருந்து ரத்தமும் பல்லும்தான் வந்தன.

"தேசப்பா, நீ எட்றா பைப்ப!" என்று ஜெகதீசன் பக்கத்தில் நின்ற துறைமுகத்து ஆளிடம் கத்தினான்.

தேசப்பன் எடுத்துப் பீய்ச்சினான்.

மொஹ்சின் கண் திறந்தபோது தலைக்கு மேல் கூரை இல்லை. முதுகில் பாரம் அழுத்தியது. அவனை அடித்தவர்கள் அவன் மேலேயே கருகிக் கிடந்தார்கள். அவன் சட்டையில் ஒரு நூல்கூடக் கருகவில்லை.