காந்திமதி டிக்கெட் வாங்கிய ஞாயிறு

அந்தக் குதிரை லாயத்தில் மொத்தம் பதினான்கு கொட்டடிகள். பதின்மூன்றில் என்னென்ன இருக்கிறது என்பது காந்திமதிக்கு மனப்பாடம். கடைசிக் கொட்டடியில் மட்டும் ஒன்றுமே கிடையாது. நீளமாக ஒரு வெள்ளைச் சுவர், எதிரே நான்கு மர பெஞ்சுகள், கூரையில் ஒரு கறுப்புப் பெட்டி. அவ்வளவுதான். ஆனால் அந்தச் சுவரைத் தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு ஈரத்துணியால் தினமும் துடைக்க வேண்டும். ஒரு விரல் அழுக்கு தெரிந்தாலும் கேள்வி வரும்.

"வெறும் செவுத்துக்கு இன்னாத்துக்கு இவ்ளோ சேவை?" என்று கூட வேலை பார்க்கும் ஜீவரத்தினத்திடம் ஒருநாள் கேட்டாள்.

"அதுல இன்னாவோ படம் காட்றாங்களாம். நாம எங்க பாத்தோம்" என்றாள் ஜீவரத்தினம்.

மாடம்பாக்கம் தாண்டி உள்ளே போனால் ராஜா தோட்டம் என்று சொல்வார்கள். நாகுலவரம் சமஸ்தானத்து ராஜாவுக்கு அங்கே ஓர் அரண்மனை இருந்தது. இப்போது அதன் கூரை பழுதாகிப் பூட்டிக் கிடக்கிறது. லாயத்தை மட்டும் ஒரு டிரஸ்ட் எடுத்துச் செப்பனிட்டுக் கண்காட்சிக்கூடமாக ஆக்கியிருந்தது. அதில் நின்ற குதிரைகள் வண்டி இழுத்தவை அல்ல. தசரா ஊர்வலத்துக்கும், வெள்ளைக்காரத் துரைகள் வரும் நாளில் வாசலில் நிற்பதற்கும் மட்டுமே வளர்த்த குதிரைகள்.

துப்புரவு ஆட்கள் காலை ஆறரைக்கு உள்ளே போய் ஒன்பதே முக்காலுக்குள் வெளியே வந்துவிட வேண்டும். பத்து மணிக்குத்தான் விளக்குகளைப் போடுவார்கள். அதன் பிறகு கழிவறை, கேன்டீன் பின்புறம், தோட்டம், அதோடு சரி. பார்வையாளர்கள் இருக்கும்போது சீருடையோடு உள்ளே நடமாடக் கூடாது என்பது ஆள் அனுப்பும் கம்பெனியின் சட்டம். வராந்தா டியூப்லைட் வெளிச்சத்தில் தூசி தட்டியே பதினான்கு மாதம் ஓடிவிட்டது.

ஆடி மாதத்தில் ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் அவள் பக்கத்தில் இரண்டு காலேஜ் பெண்கள் நின்றார்கள். லாயத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். "அந்தக் கடைசி ரூம்ல எனக்கு அழுகையே வந்துடுச்சுடி" என்றாள் ஒருத்தி. மற்றவள் தலையை ஆட்டினாள். காந்திமதி அன்று தாம்பரம் வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு போனாள். தான் துடைக்கிற சுவரில் அப்படி என்ன இருக்கிறது?

மாதத்தில் ஒரு ஞாயிறு அவளுக்கு விடுப்பு உண்டு. அடுத்த விடுப்பு வந்தபோது புருஷனிடம் சொன்னாள். "யோவ், இன்னிக்கி லாயத்துக்குப் போலாம். டிக்கெட்டு வாங்கினு."

குப்பன் பெயின்டராக இருந்தவன். நாவலூரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு உடைந்த பிறகு ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பிளாட்டுக்கு வாட்ச்மேன். "தெனம் போற எடத்துக்கு லீவு நாள்ல போவணும்ன்றியே, உனுக்கு இன்னா பைத்தியமா?" என்றான்.

"நான் தெனம் போறேன். ஆனா பாத்ததில்ல."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு சட்டையை இஸ்திரி போட எடுத்தான்.

கவுன்டரில் தீபலட்சுமி உட்கார்ந்திருந்தாள். பச்சைப் பட்டுப் புடவையும் தலைநிறையப் பூவுமாக வந்தவளை அவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் சிரித்துவிட்டாள். "அக்கா, நீங்களா? உங்களுக்கு எதுக்கு டிக்கெட், சும்மா போங்க."

"இல்ல பாப்பா. ரெண்டு டிக்கெட்டு குடு. கைல ஒட்டுவீங்களே, அந்த நீலப் பட்டையும் ஒட்டு."

காகிதப் பட்டையைத் தீபலட்சுமியே அவள் மணிக்கட்டில் வளையல்களுக்கு மேலே சுற்றி ஒட்டினாள்.

உள்ளே நுழைந்ததும் காந்திமதி நின்றுவிட்டாள். அவள் அறிந்த இடம்தான். ஆனால் ஒவ்வொரு வளைவுக்கும் கீழிருந்து மஞ்சள் வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. கூரை அவ்வளவு உயரம் என்று இதுவரை தெரியாது. மூன்றாவது கொட்டடியில் மரக்குதிரை மேல் போர்த்தியிருந்த சரிகைத் துணியைக் கறுப்பு என்றே நினைத்திருந்தாள். அது அடர்ந்த பச்சை. கண்ணாடியருகே போய் மறுபடி பார்த்தாள். பச்சைதான்.

"குதிரைக்கு இம்மாம் பெரிய வூடா?" என்றான் குப்பன். "நம்ம வூடு மாரி மூணு வூடு வரும் இதுல ஒண்ணு."

"மொள்ளப் பேசுய்யா." ஆனால் அவளுக்கே பேச்சு நிற்கவில்லை. "இந்தக் கண்ணாடிய மட்டும் பேப்பரால தொடைக்கணும். துணி போட்டா கோடு விழுந்துரும். இது பேரு மோகினி. அது சுல்தான். வாசல்ல தகடு அடிச்சிருக்காங்க பாரு. சுல்தான் தகட்ல தான் எப்பவும் கறை புடிக்கும்."

சுவரில் எழுதியிருந்ததைக் குப்பன் எழுத்துக்கூட்டிப் படித்தான். சுல்தான் என்ற குதிரை பீரங்கிச் சத்தத்துக்குப் பயப்படும், அதனால் ஊர்வலத்தன்று அதன் காதில் பஞ்சு வைப்பார்கள் என்று இருந்தது. "பாவம்" என்றான். சாரத்திலிருந்து விழுந்த பிறகு அவனும் ஒரு வருஷம் மாடிப்படி ஏறவே பயந்தவன். அது அவளுக்கு ஞாபகம் வந்தது.

கடைசிக் கொட்டடிக்கு வந்தபோது முப்பது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். இவர்களுக்கு இரண்டாவது பெஞ்சில் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு பெண், ஆறு வயதுச் சிறுமியை மடியில் சாய்த்து வைத்திருந்தாள். "சுஜிம்மா, குதிரை வரப்போகுது, கண்ணைத் திற" என்றாள். குழந்தையின் முகம் வெளுத்திருந்தது.

விளக்கு அணைந்தது. தூரத்தில் ஒரு மேளம் கேட்டது. பிறகு வெள்ளைச் சுவரின் இடது ஓரத்திலிருந்து ஒரு குதிரை நடந்து வந்தது. நிஜக் குதிரையின் உயரம். அதன் குளம்புகள் சுவரும் தரையும் சேருகிற இடத்திலேயே பதிந்து பதிந்து எழுந்தன. அவள் தினமும் மண்டியிட்டுத் துடைக்கிற இடம். அங்கே ஓர் அழுக்குக் கோடு இருந்தால் குதிரை அந்தரத்தில் நடப்பதுபோல ஆகியிருக்கும் என்பது அவளுக்கு உடனே புரிந்தது. ஒன்றன்பின் ஒன்றாகப் பதின்மூன்று குதிரைகள். கூடவே கடிவாளம் பிடித்தவர்கள், குடை பிடித்தவர்கள், பின்னால் சாணி அள்ளக் கூடையோடு நடந்த ஒரு பெண். அந்தப் பெண்ணும் மற்றவர்களைப் போலவே ஆள் உயரத்தில், நிமிர்ந்து நடந்தாள்.

காந்திமதி குப்பனின் கையைப் பிடித்தாள்.

அப்போதுதான் பக்கத்துக் குழந்தை வாந்தி எடுத்தது. பெஞ்சிலும் தரையிலும் தெறித்தது. யாரோ செல்போன் விளக்கைப் போட்டார்கள். முன்னால் இருந்தவர்கள் எழுந்து ஒதுங்கினார்கள். மேளம் பாதியில் நின்று பளீரென்று வெளிச்சம் வந்தது.

கூடத்தின் பொறுப்பாளர் தினகரன் ஓடி வந்தான். முப்பது வயதிருக்கும், கழுத்தில் அட்டை தொங்கும், எப்போதும் அவசரத்தில் இருப்பவன். தரையைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், பிறகு காந்திமதியைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"காந்திமதி, நல்லவேளை நீ இருக்கே. மத்தியான க்ளீனிங் ஆளுங்க ரெண்டு பேரும் வரல. டிரஸ்ட்ல இருந்து ஆளுங்க வேற வர்ற நேரம். கொஞ்சம் சீக்கிரம் க்ளீன் பண்ணிடு."

கூட்டம் மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது. குழந்தையின் அம்மாவும் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பட்டுப் புடவைக்காரியை இப்போதுதான் முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

காந்திமதி எழுந்துவிட்டாள். அவள் கை தானாகவே கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிவிட்டது. குப்பனும் எழுந்து, "நான் பண்றேன் சார், பக்கெட்டு எங்க கீது?" என்றான். பிளாட்டில் யார் கூப்பிட்டாலும் எழுந்து ஓடுகிற பழக்கம் அவனுக்கு.

செருகிய கையை அவள் பார்த்தாள். நீலப் பட்டை அதில் இருந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை. இந்தப் பையன் பாவம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் இப்போது குனிந்தால் காலையிலிருந்து நடந்ததெல்லாம் நடக்காததாகிவிடும் என்று மட்டும் தெரிந்தது. கொசுவத்தை இழுத்து இறக்கிவிட்டாள். குப்பனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள்.

"நீ ஒக்காருய்யா."

பிறகு தினகரனிடம் சொன்னாள். "இன்னிக்கி எனுக்கு லீவு சார். டிக்கெட்டு வாங்கினு வந்திருக்கேன்."

தினகரனின் முகம் சிவந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன் அவள் மணிக்கட்டைப் பார்த்தான்.

"சாரி" என்றான். சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனான்.

போனவன் வரமாட்டான், கம்பெனிக்குத்தான் போன் போடுகிறான் என்று நினைத்தாள். வேலை போயிற்று என்றே முடிவு செய்துவிட்டாள். "சும்மா தொடச்சிட்டுப் போயிருக்கலாமே" என்று குப்பன் காதோரம் முணுமுணுத்தான்.

இரண்டு நிமிடத்தில் தினகரன் ஒரு கையில் வாளியும் மறுகையில் மாப்புமாகத் திரும்பி வந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டு நேராக வாளித் தண்ணீரைக் கவிழ்க்கப் போனான்.

"தண்ணி ஊத்தாதீங்க சார்" என்றாள் காந்திமதி. இதை அவளால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "பழைய செங்கல்லு அது, குடிச்சிரும். அப்புறம் வாடை எந்தக் காலத்துலயும் போவாது. பின்னால ரூம்ல மரத்தூள் மூட்டை கீது. மொதல்ல அத்தப் போட்டு அள்ளணும்."

அவன் மரத்தூள் கொண்டு வந்தான். குழந்தையின் அம்மாவும் கீழே உட்கார்ந்து கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்து பெஞ்சைத் துடைத்தாள். அவள் பெயர் அபிகாயில், சேலையூரில் டீச்சர். காந்திமதி மண்டியிடவில்லை. குழந்தையை வாங்கித் தன் மடியில் படுக்கவைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிக்கொடுத்தாள். "வெளிய இருந்து உள்ள தள்ளுங்க சார். அப்டித் தேய்க்காதீங்க, பரவும். ஆங், இப்ப ஈரத்துணி. நல்லாப் புழிஞ்சிட்டு."

தினகரனுக்கு வியர்த்துக் கொட்டியது. அவனுக்கும் நடுவில் குமட்டியது, முகத்தைத் திருப்பிக்கொண்டான். "மூக்கால மூச்சு வுடாதீங்க, வாயால வுடுங்க" என்றாள் அவள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டான்.

சுஜிக்கு நெற்றி குளிர்ந்திருந்தது. காந்திமதியின் பட்டுப் புடவையில் சாய்ந்தபடி, "குதிரை போயிடுச்சா?" என்று கேட்டாள்.

"போவல கண்ணு. நிக்குது. நீ எந்திரிக்கணும்னு நிக்குது."

எல்லாம் முடிந்ததும் அபிகாயில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குழந்தையை வாங்கினாள். "தேங்க்ஸ்க்கா. உங்க புடவைல பட்டுடுச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றாள் காந்திமதி. ஓரத்தில் கொஞ்சம் பட்டிருந்தது.

தினகரன் படத்தை முதலிலிருந்து போட்டான். எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள். இந்த முறை அவள் முழுவதும் பார்த்தாள். ஊர்வலம் போன பிறகு சுவர் வெறுமையாகி, கொஞ்ச நேரம் கழித்துக் கடிவாளமில்லாத ஒரு வயசான குதிரை தனியாக நடந்து வந்தது. சமஸ்தானம் போன பிறகு வாங்க ஆளில்லாமல் நின்றுபோன கடைசிக் குதிரை அது என்று ஒரு குரல் சொன்னது. அது சுவரின் நடுவில் நின்று, தலையைத் திருப்பி, உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தது. அந்தக் காலேஜ் பெண்ணுக்கு எங்கே அழுகை வந்திருக்கும் என்று காந்திமதிக்குத் தெரிந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. குப்பன்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "தூசி" என்றான்.

"காலைல தான் கூட்டியிருக்காங்க. தூசி எங்கருந்து வரும்?" என்றாள்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தாள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. செவ்வாயும் அப்படியே போனது. புதன்கிழமை, வழக்கமாகப் பத்து மணிக்கு வரும் தினகரன் எட்டரைக்கே வந்து நின்றான். காந்திமதி வராந்தாவில் இருந்தாள். மாப்பை நிறுத்தினாள்.

"கடைசி ரூம் மெஷின செக் பண்ணணும்" என்றான், அவளைப் பார்க்காமல் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டு. "ஒன்பது மணிக்குப் போடுவேன். இனிமே மாசம் ஒருதடவை போட்டுப் பாக்கணும். உள்ள யாராவது வேலையா இருந்தா இருக்கட்டும். பெஞ்சுல உக்காந்தாலும் பரவாயில்ல." கொஞ்சம் தயங்கி, "மத்தவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்கக்கா" என்றான்.

அவள் போய்ச் சொன்னாள். ஜீவரத்தினம் நம்பவில்லை. மற்ற நான்கு பேரும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, துடைப்பத்தைச் சுவரோரம் சாத்தி, சீருடையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். கடைசியில் ஜீவரத்தினமும் போனாள்.

காந்திமதி போகவில்லை. வராந்தா பாதி பாக்கி இருந்தது, ஒன்பதே முக்காலுக்குள் முடிக்க வேண்டும். துணியைப் பிழிந்து போட்டு இழுத்தாள். உள்ளே மேளம் கேட்டது, பிறகு குளம்புச் சத்தம். அதற்கும் மேலே ஜீவரத்தினத்தின் குரல், "அடியே, கூடை எடுத்துகினு ஒருத்தி போறா பாரு" என்று லாயம் முழுக்க எதிரொலித்தது.