ஜூலையில் எடுத்த மதிப்பெண்

டேவியன் மேப்ரி தலையில் அடிபட்டு எழுந்தவன், எதிரணியின் பெஞ்சை நோக்கி நடந்தான். இரண்டே எட்டுதான், உடனே திரும்பிவிட்டான். அரங்கத்தில் எண்பதாயிரம் பேர். அதைக் கவனித்தவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணியின் குவார்ட்டர்பேக் அவன். அவன் கையிலிருந்து பந்து கிளம்பினால்தான் எங்களுக்கு ஆட்டமே. நான் தலைமைக் கோச். தொடர்ந்து மூன்று தோல்வி. போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுப் புல்தரையில் 'விற்பனைக்கு' என்று ஒரு பலகையை நட்டுவிட்டுப் போயிருந்தார்கள். நான் வீட்டை விற்கவில்லை. எங்கள் ரசிகர்கள் கோச்சுக்குச் சீட்டைக் கிழிக்கிற அழகு அது. இன்றும் தோற்றால் விற்க வேண்டியதுதான்.

இடைவேளை. நான்கு புள்ளிகள் பின்தங்கியிருந்தோம். உடைமாற்றும் அறையின் மூலையில் டாக்டர் லெனோரா புரூயிட் அவனிடம் பத்து வார்த்தைகளைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார். நான்குதான் வந்தது.

"ஜூலைல எடுத்த டெஸ்ட்லயும் நாலுதான். எதுவும் மாறல. ஆட விடலாம் கோச்."

"பாத்தீங்களா? மண்டைக்குள்ள ஏதாவது இருந்தாத்தானே அடிபடுறதுக்கு!" என்று டேவியன் சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நூற்றிருபது ஆட்ட உத்திகளைப் பிசகாமல் ஒப்பிக்கிறவனுக்குப் பத்தில் நான்கா? காரணம் எனக்குத் தெரியும். சீசனுக்கு முன் எல்லோருடைய ஞாபகசக்தியையும் அளந்து வைப்பார்கள். அடிபட்டால் அதோடு ஒப்பிட்டு, குறைந்திருந்தால் ஆட விடமாட்டார்கள். அளந்த அன்று காலையில் நான்தான் நக்கலாகச் சொன்னேன்: "டேய், ரொம்ப அறிவாளியாக் காட்டிக்காதீங்கடா. நவம்பர்ல உதவும்." எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் கோச் எனக்குச் சொன்ன அதே நக்கல்.

உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாமல் இருந்து, கலங்கிய மண்டையில் இன்னொரு அடி விழுந்தால் பையனே போய்விடுவான். அவன் முன்னால் போய்க் குனிந்தேன்.

"டேவியன், இப்ப முதல்ல என்ன ஆடப்போற?"

"செவப்பு முப்பத்தாறு, கோச்."

கொஞ்சமும் தயங்காமல் சொன்னான். அது போன வருடத்து உத்தி. இந்த வருடம் எங்களிடம் அப்படி ஒன்று கிடையாது.

அவன் மடியில் இருந்த ஹெல்மெட்டை எடுத்து என் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

"கோச்! குடுங்க கோச், ப்ளீஸ்! நான் நல்லாத்தான் இருக்கேன்!"

"டாக்டர், அந்த ஜூலை மார்க் பொய். வேணும்னே தப்பாப் பண்ணச் சொன்னது நான்தான்."

என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையிலிருந்த டேப்லெட்டில் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இவன்கிட்ட மட்டும்தான் சொன்னீங்களா?"

எட்டிப் பார்த்தேன். மற்ற பையன்களின் ஜூலை மதிப்பெண்கள். நான்கு. மூன்று. நான்கு. நான்கு. ஐந்து. மூன்று.

பேண்டு வாத்தியம் முழங்கியது. பையன்கள் அதற்குள் கூச்சலிட்டபடி மைதானத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"நில்லுங்கடா!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.