அக்கா முன்னால் சொல்லாதது

வாரிஜா தன் சிறுநீரகத்தில் ஒன்றைத் தம்பி மோனப்ப ஷெட்டிக்குக் கொடுத்தபோது சொந்தபந்தமெல்லாம் அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. தம்பிதான் அன்றிலிருந்து அவளிடம் பூனைபோலப் பதுங்க ஆரம்பித்தான். நன்றியும் ஒருவகை நோய்தான் போலும்.

இப்போது மங்களூர் ஆஸ்பத்திரியில் விடாத காய்ச்சலோடு கிடந்தான். நுரையீரலில் நிழல் தெரிந்தது. காசநோய் என்றே டாக்டர் லோபோ நினைத்தார். ஆனால் அதற்கான மாத்திரைகள், புதுச் சிறுநீரகத்தைக் காக்கும் மருந்தின் வீரியத்தைக் குறைத்துவிடுமாம். சிறுநீரகமே கைவிட்டுப் போகலாம். அதனால் தயங்கினார். வேறு காரணம் இருக்குமோ என்று, சேற்றில் எங்காவது இறங்கினானா எனக் கேட்டார்.

"இல்ல டாக்டர். கம்பளா களத்துல காலே வைக்கல," என்றான் மோனப்பன், அக்காவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே.

வாரிஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கால் வைத்திருக்க மாட்டான், சேற்று வயலில் நடக்கும் அந்த எருமைப் பந்தயத்தில் அவன் சோடியை ஓட்ட ஆள் இருக்கிறது. ஆனால் பந்தயம் முடிந்த சோடியைத் தேய்த்துக் கழுவுவது யார்? அதை இன்னொருவன் கையில் விட்டால் இந்தக் கம்பளாக்காரர்களுக்குக் கௌரவம் போய்விடுமே! வாயைத் திறக்கப் போனவள் அடக்கிக்கொண்டாள். அவள் சொன்னால் சத்தியம் பண்ணி மறுப்பான். அவன் பயம் டாக்டரிடம் இல்லை.

"நான் போய் டீ குடிச்சிட்டு வரேன். நீங்க அவன்கிட்ட இன்னொரு தடவை கேளுங்க டாக்டர்," என்று வெளியே போனாள்.

அவள் டீயைக் குடித்து முடிப்பதற்குள் டாக்டர் வந்து சொன்னார்: விரலில் வெட்டுக்காயத்தோடு எருமைகளைக் கழுவியிருக்கிறான். ஈரமண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா உண்டு. அபூர்வமாகத்தான் தாக்கும், மருந்தால் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்தவர்களை மட்டும் எளிதில் விடாது. தேடச் சொன்னால்தான் ஆய்வகத்தில் அதைத் தேடுவார்கள். இப்போது தேடச் சொல்லிவிட்டார்.

அதுவேதான் என்று சில நாளில் முடிவு வந்தது. சில வாரம் ஊசி, பிறகு பல மாதம் மாத்திரை. சிறுநீரகம் தப்பிக்கும் என்றார் டாக்டர். வாரிஜா அப்போதுதான் அழுதாள்.

அவள் உள்ளே போனபோது மோனப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"நீ குடுத்ததை நான் பாழாக்கப் பாத்தேன்க்கா."

"எருமையைக் கழுவினதுக்கு உன்னை அப்புறமா வச்சுக்கறேன்," என்றாள் வாரிஜா. "கிட்னி என்னுதுன்னு யாருடா சொன்னது? குடுத்த அன்னிக்கே அது உன்னுதாயிடுச்சு. எனக்குப் பயந்துக்கிட்டு அதைச் சாகவிடாத."